வாரம் ஒரு சொல், ஆற்றங்கரையில் ஒரு படம்

எங்கள் ஏற்பாடு இதுதான். மொத்தம் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் முறை வைத்து ஒருவர் ஒரு சொல் தருவார். அடுத்த சனிக்கிழமை ராத்திரிக்குள் அந்தச் சொல்லுக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, கையால் எழுதிய ஒரு குறிப்போடு கொண்டுவர வேண்டும். முன்பே எடுத்து வைத்த படத்தைத் தேடிப் பிடித்துத் தரக்கூடாது. படத்தில் மனிதர் முக்கியமாக இருக்கக்கூடாது. மரம், செடி, நீர், பறவை, பூச்சி, மண், வானம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை, ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருத்தி கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். நாலாவது நான்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. முடிந்தவரை திருநெல்வேலியில் குறுக்குத்துறைக்கும் சுலோச்சன முதலியார் பாலத்துக்கும் இடைப்பட்ட தாமிரபரணிக் கரையிலும், அதை ஒட்டிய வயல்களிலும்தான் எடுக்க வேண்டும். புது ஊருக்குப் போனால் எங்கே திரும்பினாலும் படம் கிடைக்கும். ஆனால் அந்த ஊர் என்னை எதுவும் கேட்காது. தினமும் பார்க்கிற இடத்தில் “ஆழம்” எங்கே இருக்கிறது, “விருந்தாளி” யார் என்று தேடும்போதுதான் கண் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

கையில் இருக்கும் சாமான் கொஞ்சம்தான். சிறிய சென்சார் கொண்ட (கிராப் சென்சார்) பழைய கேமரா, அகலக் காட்சிக்கு 18-55 மில்லிமீட்டர் லென்ஸ், தூரத்தை இழுக்க 55-250 லென்ஸ், அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, கையால் மாற்றும் வளையத்தோடு கூடிய பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஒரு போலரைசர் ஃபில்டர், ட்ரைபாட். அப்புறம் லென்ஸை அசையாமல் தாங்க நானே தைத்த ஒரு மூட்டை. பழைய ஜீன்ஸின் கால் துணியை ஒரு முழ நீளம் வெட்டி, ஒரு பக்கம் இரட்டைத் தையல் போட்டு, மறுபக்கம் ஜிப் வைத்தேன். உள்ளே பச்சைப்பயறு. பயறை நேரடியாகக் கொட்டாமல் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி அடைத்தேன். ஆற்றங்கரை ஈரம் பட்டால் பயறு முளைத்துவிடும். முழுக்க நிரப்பினால் மூட்டை கல் மாதிரி விறைத்து நிற்கும், லென்ஸ் உள்ளே பதியாது. மதில் சுவர், படித்துறைக் கல், வரப்பு என்று எங்கே வைத்தாலும் லென்ஸைப் பிடித்துக்கொள்கிறது. ட்ரைபாடைவிட இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

சொல்: வெள்ளை

பிசானப் பருவ நெல் நடவுக்கு வயலை உழுதுகொண்டிருந்த நேரம். டிராக்டர் போகும் தடத்திலேயே உண்ணிக்கொக்குகள் நடந்து வரும். சேறு புரளும்போது வெளியே வருகிற புழு, தவளைக்குஞ்சு, பூச்சி எல்லாம் அவற்றுக்குச் சாப்பாடு. வெள்ளைக்கு வெள்ளைக் கொக்கு என்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் கறுத்த சேற்றில் நிற்கும் வெள்ளைக் கொக்கைச் சரியாக எடுப்பது சுலபமில்லை, அதனால்தான் அதையே எடுத்தேன்.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் ஒளியைக் கணக்கிடும். படத்தில் பெரும்பகுதி கறுப்புச் சேறு என்றால், “இருட்டாக இருக்கிறதே” என்று ஒளியைக் கூட்டிவிடும். சேறு சாம்பலாகும். கொக்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இறகுக்கும் இறகுக்கும் இடையில் உள்ள மெல்லிய நிழல் எல்லாம் போய்விடும். அப்படிப் போனதைக் கணினியில் எவ்வளவு இழுத்தாலும் திரும்பக் கிடைக்காது. எனவே கேமராவின் ஒளிக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1-க்குத் தள்ளினேன். ஸ்கிரீனில் வெளுத்துப்போன இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையைப் போட்டுக்கொண்டு, கொக்கின் மேல் மினுக்கல் நிற்கும் வரை இன்னும் கொஞ்சம் குறைத்தேன். காலை வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400, எஃப் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுத்து, முன்னும் பின்னும் தெளிவு கூடும்) 8, ஷட்டர் 1/1000 விநாடி என்று வந்து நின்றது. இதற்கு நேர் எதிராக, படம் முழுக்க வெள்ளை நிறைந்திருந்தால், உதாரணமாகப் பஞ்சு வெடித்த பருத்திக் காடு என்றால், பிளஸ் பக்கம் தள்ள வேண்டும்.

வரப்பில் மூட்டையை வைத்துப் படுத்திருந்தேன். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் வண்டியை நிறுத்தி, “என்ன தாயி, மயங்கி விழுந்துட்டியளோ?” என்று பதறிப்போய்க் கேட்டார். “இல்ல அண்ணாச்சி, கொக்கைப் படம் எடுக்கேன்” என்றேன். அதற்கு அவர், “அப்படின்னா நான் மெதுவா ஓட்டுதேன், அதுகளும் மெதுவா வரும்” என்றார். அப்படியே ஆயிற்று. சேறு ஒட்டாத ஒரு கொக்கு, ஒற்றைக் காலைத் தூக்கி அடுத்து எங்கே வைக்கலாம் என்று யோசிக்கிற கணம் கிடைத்தது.

குறிப்பில் கொக்கைப் பற்றி ஒரு வரிதான் எழுதினேன். மீதியெல்லாம் அந்த அண்ணாச்சியைப் பற்றி. நான் கேட்காமலே வேகத்தைக் குறைத்த ஒரு மனிதர் அந்தப் படத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. குறிப்பைப் படித்தால்தான் தெரியும்.

குறிப்பு எழுதும் விதம்

இங்கேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் பாதி இதுதான். கேமராவை அணைத்தவுடன், எடுத்த படங்களைத் திருப்பிப் பார்க்கும் முன்பே, அந்த இடத்தில் உட்கார்ந்தே எழுதுகிறேன். மூன்று விஷயம் எழுதுவேன். எதைப் பார்த்தேன்; படத்துக்குள் வராமல் போனது எது, சத்தம், வாசனை, பக்கத்தில் நின்ற ஆள், எதுவானாலும்; அப்போது மனசில் வந்து போனது என்ன. படத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் படத்தைப் பற்றித்தான் எழுதத் தோன்றும், அந்த நேரத்தைப் பற்றி எழுத வராது. “அழகு”, “அமைதி” என்ற இரண்டு சொல்லையும் குறிப்பில் எழுதுவதில்லை என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். அவற்றை விட்டுவிட்டால் வேறு ஏதாவது உண்மையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படத்தை 4-க்கு 6 அளவில், பளபளப்பு இல்லாத மேட் தாளில் போட்டு, கோடு போடாத நோட்டில் ஒட்டுகிறேன். பசை தடவினால் தாள் சுருங்கி அலை அலையாகிறது, எனவே நாலு மூலைக்கும் ஒட்டும் போட்டோ கார்னர்தான். படத்தின் பின்பக்கம் தேதி எழுதுவது பென்சிலால். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் எழும்பும். மை பக்கத்துப் படத்திலும் ஒட்டும்.

சொல்: ஆழம்

கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்து, தெளிந்து, படித்துறைப் பக்கம் கூழாங்கல்லும் கெண்டைக் குஞ்சுகளும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது கேமராவுக்குத் தெரிவதில்லை. வானத்தின் பிரதிபலிப்பு நீருக்கு மேல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி மூடிக்கொள்ளும். அதற்குத்தான் போலரைசர்.

நீரில் பட்டுத் தெறிக்கிற ஒளி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கிட்டத்தட்ட முழுவதுமாக ஒரே திசையில் அதிர்கிறது. போலரைசரைச் சுழற்றி அந்தத் திசையை மறித்துவிட்டால் பிரதிபலிப்பு மறைந்து, நீருக்கு உள்ளிருந்து வரும் ஒளி மட்டும் மிஞ்சும். நீர்ப்பரப்பிலிருந்து அளந்தால் அந்தக் கோணம் சுமார் 37 டிகிரி. படித்துறையில் இதை அளக்கச் சுலபமான கணக்கு உண்டு: கேமரா நீருக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் நீரைப் பார்க்க வேண்டும். காலடி நீரைப் பார்த்தாலும் பலன் குறைவு, தூரத்து நீரைப் பார்த்தாலும் குறைவு. நேராக நின்றுகொண்டு ஃபில்டரைச் சுழற்றோ சுழற்று என்று சுழற்றினாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், மேலும் கீழும் இரண்டு படி ஏறி இறங்கிப் பார்த்தால் போதும்.

ஆட்டோஃபோகஸ் நீரின் மேல் மிதக்கும் இலையையும் தூசியையும் பிடித்துக்கொண்டது. மேனுவலுக்கு மாற்றி, அடியில் கிடந்த ஒரு கூழாங்கல்லின் வரியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), அதனால் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். மீன் குஞ்சுகள் கூட்டமாக வந்தன. அவற்றின் நிழல் அடிமணலில் தனியாக நீந்தியது. மீனுக்கும் அதன் நிழலுக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் ஆழம். அதைத்தான் படமாகக் கொடுத்தேன்.

அப்பா எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த படித்துறை அது. வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே கூட வருவார். ஒரு நாள் சொல்லாமல் கையை எடுத்துவிட்டார்; நான் நீந்திக்கொண்டிருந்தேன். அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நீருக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மணி நேரம் முழுக்க அவர் உள்ளங்கையின் சூடு என் நினைவில் இருந்தது. அதைக் குறிப்பில் எழுதினேன். முழங்கால் வலியால் ஆற்றுக்கு வர முடியாத அம்மாவிடம் நோட்டைக் காட்டியபோது, படத்தைப் பார்த்துவிட்டுக் குறிப்பையும் படித்தாள். “ஏட்டி, அன்னைக்கி அவர் கையை எடுக்கையில நான் கரையில நின்னு கத்தினேன், ஒனக்குக் கேட்டிருக்காது” என்றாள். இது எனக்கு அதுவரை தெரியாது. அம்மா சொன்னதையும் அதே பக்கத்தில் கீழே எழுதி வைத்தேன்.

சொல்: காற்று

தாவரவியல் படிக்கும் பெண் கொடுத்த சொல். ஆடி மாதம். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரில் மோதி, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக நெருக்கிக்கொண்டு வரும்போது வேகம் பிடித்துவிடும். அந்தப் பக்கம் காற்றாலைகள் காடு போல நிற்பதும் அதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாததை எடுக்க, நகர்வதையும் நகராததையும் ஒரே படத்தில் சேர்த்து வைக்க வேண்டும். தென்னை உதவாது, மரமே வளைந்து ஆடும். பனை அப்படி இல்லை. தண்டு அசையாமல் நிற்கும், ஓலை மட்டும் பேயாட்டம் போடும். சூரியன் இறங்கிய பிறகு, ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/4 விநாடி. தண்டின் செதில் ஒவ்வொன்றும் துல்லியமாக விழ, தலை மட்டும் கரைந்து ஒரு பக்கமாக ஓடியது. அந்தக் காற்றில் ட்ரைபாட் நடுங்கியது. பையை ட்ரைபாடின் நடுக்கம்பியில் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கும் பை காற்றில் ஆடி இன்னும் மோசமாக்கும். தரையில் பாதி படுகிற மாதிரி கட்டினால்தான் பயன். லென்ஸில் இருக்கும் ஆட்டம் தடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமர் வைத்து எடுத்தேன். ஓலைச் சத்தத்தில் ஷட்டர் விழுந்ததுகூடக் கேட்கவில்லை.

சொல்: சின்னது

பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் வாங்கினேன். முன்பக்கம் கேமராவுக்குள்ளும் பின்பக்கம் வெளியேயுமாக மாட்டினால், சாதாரண லென்ஸே பூச்சி எடுக்கும் லென்ஸாகிவிடும். இதற்கு அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ்தான் நல்லது. புது லென்ஸில் அபெர்ச்சரைக் கேமராதான் மின்சாரம் வழியாக மாற்றும், திருப்பி மாட்டினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். ஃபோகஸ் வளையத்தைத் தொட வேண்டாம். உடம்பை முன்னும் பின்னும் மில்லிமீட்டர் கணக்கில் சாய்த்துத்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும்.

வீட்டு மாமரத்தில் முசுறு கூடு கட்டியிருந்தது. ஒரு வரிசை எறும்பு இரண்டு இலையின் ஓரங்களையும் இழுத்துப் பிடிக்க, மற்றவை தங்கள் இளம்புழுவைத் தாடையில் கவ்வி இங்கும் அங்கும் கொண்டுபோய், அந்தப் புழு விடுகிற பட்டு இழையால் இலைகளை இணைக்கும். ஒரு தெர்மகோல் அட்டையை நிழல் பக்கம் சாய்த்து வைத்து வெளிச்சம் பிடித்தேன். “கிட்டப் போகாதட்டி, கடிச்சா எரியும்” என்று அம்மா ஜன்னலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். எஃப் 8-இல்கூட ஒரு எறும்பின் கண் தெளிந்தால் அதன் பின்னங்கால் மங்கிவிடுகிறது. புழுவைக் கவ்விய தாடையை மட்டும் தெளிவாக வைத்துக்கொண்டேன். போதும் என்று தோன்றியது.

சொல்: விருந்தாளி

இந்த ஒரு வாரம் மட்டும் ஊரை விட்டுக் கூந்தன்குளம் போனேன். நாங்குநேரி பக்கம் உள்ள கிராமம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள். வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் சங்குவளை நாரைகள் கூடு கட்டும். எச்சமும் நாற்றமும் முற்றம் வரை வரும், யாரும் விரட்டுவதில்லை. பறவைகள் கலையக்கூடாது என்று வெடி வெடிப்பதையே விட்டவர்கள்.

நான் தேடிப்போனது வரித்தலை வாத்துகளை. திபெத், மங்கோலியா பக்கத்து உயர்ந்த பீடபூமிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு இங்கே வருபவை. 7,000 மீட்டருக்கு மேலும் அவை பறப்பது கருவி பொருத்திப் பார்த்து உறுதியாகியிருக்கிறது. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புப் பட்டை. அதுதான் பெயருக்குக் காரணம்.

அவை குளத்தின் நடுவில் இருந்தன. என் 250 மில்லிமீட்டருக்கு எட்டாத தூரம். கிட்டே போனால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவையை ஒரு படத்துக்காக எழுப்பிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எனவே அகலமாகக் காட்டும் 18 மில்லிமீட்டருக்கு மாற்றினேன். குளம், கரையின் உடைமரங்கள், பெரிய வானம், நடுவில் கடுகு கடுகாகப் பறவைகள். வங்கி சார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “விருந்தாளிக்கு இடம் விட்டிருக்கேம்மா” என்றார். கூடு இருக்கும் மரத்தடியிலும் இதே கொள்கைதான்: ஃபிளாஷ் போடுவதில்லை, கிளையை விலக்குவதில்லை, பெற்ற பறவை கூட்டுக்குத் திரும்பத் தயங்கினால் உடனே நகர்ந்துவிடுவது.

சொல்: அடையாளம்

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஓடி, ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த பிறகு மருத மரங்களின் கிளைகளில் என் தலைக்கு மேலே வேர்த்தூர், நாணல், பிளாஸ்டிக், சேலைத் துணி என்று சுற்றிக் கிடந்தது. ஆற்றின் மேல்பகுதியில் பரிகாரம் என்று சொல்லிக் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றோடு விடுகிறார்கள். அவை எங்கேயும் போய்விடுவதில்லை.

பிறகு வந்த ஒரு வாரத்தில் இந்தச் சொல் கிடைத்தது. மருத மரத்தில் இன்னும் ஒரு துண்டுத் துணி மிஞ்சியிருந்தது, வெளுத்து, நைந்து. அதன் மேலேயே ஒரு புதுத் துளிர் கிளம்பியிருந்தது. துளிரை மட்டும் எடுத்து, துணியை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். செய்ய மனசு வரவில்லை. இரண்டும் சம அளவில் தெளிவாக விழும்படி எஃப் 11 வைத்து, மேகம் மூடிய வெளிச்சத்தில் எடுத்தேன். நான் நிற்கும் தரைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் தண்ணீர் போயிருக்கிறது என்பது தெரிய, மரத்தின் அடிப்பகுதியும் படத்தில் இருக்க வேண்டியிருந்தது. அதற்காக நெட்டுவாக்கில் பிடித்து, பின்னால் பின்னால் நகர்ந்து கரையின் விளிம்பு வரை போனேன். குறிப்பில் அந்த இரண்டு ராத்திரியும் மொட்டை மாடியில் அம்மாவோடு உட்கார்ந்திருந்ததை எழுதினேன். ஆசிரியை அதைப் படித்துவிட்டுத் தன் நோட்டைத் திறந்து காட்டினார். அவரும் அதே ராத்திரியைத்தான் எழுதியிருந்தார், படம் மட்டும் வேறு.

இந்த வாரச் சொல் “இரைச்சல்”. குளிர்காலத்தில் திருநெல்வேலி டவுன் நயினார்குளத்தில் சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக அடையும், அதைத்தான் நினைத்திருக்கிறேன். அந்தி மங்கும் முன் மேற்கு வானம் பின்னணியாக இருக்கும்படி கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். 1/1000-இல் எடுத்தால் புள்ளி புள்ளியாக உறைந்துவிடும், சத்தம் வராது. 1/15-இலிருந்து 1/30 வரை முயன்று, கூட்டம் கோடுகளாக இழுபட விட்டு, கரையில் ஒரு மரத்தை மட்டும் அசையாமல் வைக்கப் பார்க்கிறேன். மூட்டையை வைக்க மதில் இருக்கிறதா என்று நாளைக்குச் சாயங்காலம் போய்ப் பார்த்து வர வேண்டும். ஆட்டோ கரை வரை போகும் என்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன்.